மெத்தென்று வேண்டாம்

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் வீடுகளில் விரிப்புகளை எடுத்து உதறுவது வழக்கம். அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தரையைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை
கேள்வி: கார்பெட்டே ஒரு விரிப்புதான். அதற்குக் கீழே இன்னொரு விரிப்பு எதற்கு?

பதில்: நூலைக் காப்பாற்ற. மேலே குதிகால், கீழே கடப்பாக் கல்லோ டைல்ஸோ. நடுவில் கம்பளத்தின் நூல், அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்ட மிளகாய்போல ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் அரைபடுகிறது. போதாததற்கு நம் புதுச்சேரிக் கடற்கரைப் பொடிமணல் காலோடு வீட்டுக்குள் வந்து, கம்பளத்தின் அடிவரை இறங்கி, உள்ளே இருந்தபடியே நூலை அறுக்கிறது. அண்டர்லே எனப்படும் அந்த அடிவிரிப்பு சரியாக அமைந்தால் மிதியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். கம்பளம் நகராது, மடிப்பு விழாது, அடியில் கொஞ்சம் காற்றும் புழங்கும்.

வங்கி ஊழியர், ரெட்டியார்பாளையம்
கேள்வி: வரவேற்பறைக்கு நெய்த கார்பெட் வாங்கினேன். "அடியில அரை அங்குல ஸ்பாஞ்ச் போடுங்க சார், மெத்தையில நடக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நெய்த கம்பளத்தில் பாவு, ஊடை, மேலே தெரியும் மயிர் மூன்றும் தறியிலேயே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவாகின்றன. அவற்றைப் பிடித்து வைப்பது பசை அல்ல; பசை தடவி ஒட்டிய இரண்டாவது முதுகும் கிடையாது. அதன் பலம் முழுவதும் அந்தப் பின்னலின் இறுக்கத்தில் இருக்கிறது. அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் இருந்தால், கால் வைத்த இடம் மட்டும் குழியும். சுற்றியுள்ள இடம் மேலே நிற்கும். அந்தக் குழியின் விளிம்பில் பாவும் ஊடையும் ஒவ்வொரு அடிக்கும் வளைந்து நிமிர்ந்து உராயும். கையால் முடிச்சிட்ட கம்பளம் என்றால் முடிச்சு தளரும். தறியில் நெய்த வில்டன், ஆக்ஸ்மின்ஸ்டர் வகை என்றால் அலை அலையாக மடிப்பு எழும். நாற்காலிக் கால் புதைந்த இடத்தில் விழும் பள்ளம் பிறகு நிமிர்வதே இல்லை. காலுக்குச் சுகமாக இருப்பது கம்பளத்துக்குச் சித்திரவதை.

நெய்த கம்பளத்துக்கு அடியில் போடுவது கெட்டியாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 6 முதல் 8 மில்லிமீட்டர் கனம் போதும். 10ஐத் தாண்டவே கூடாது. உங்கள் கடைக்காரர் சொல்லும் அரை அங்குலம் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகும். முதல் தேர்வு அடர்த்தியாக அடித்த ஃபெல்ட். அடுத்தது தட்டையான, கெட்டியான ரப்பர். ஃபோம்தான் வேண்டும் என்றால் மெத்தைக் கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வார்களே, அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அந்த 32ம் 40ம் சாய்ந்துகொள்ளும் தலையணைக்குச் சரி. கம்பளத்துக்கு 120க்கு மேல் வேண்டும். ஃபோம் துண்டுகளை அழுத்திச் சேர்த்த ரீபாண்டட் வகையில்தான் அது கிடைக்கும்.

கடையில் ஒரு சோதனை. மாதிரித் துண்டைத் தரையில் வைத்து, கட்டைவிரலை ஊன்றி அழுத்துங்கள். தரை விரலில் தட்டுப்பட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இல்லத்தரசி, முதலியார்பேட்டை
கேள்வி: எங்கள் வீட்டிலிருப்பது நெய்ததா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: திருப்பிப் பாருங்கள். மேலே உள்ள பூவும் கொடியும் பின்பக்கமும் நூல்நூலாகத் தெரிந்தால் நெய்தது அல்லது முடிச்சிட்டது. பின்பக்கம் ஒரே நிறத்தில் சாக்குபோன்ற துணியோ வலையோ ஒட்டியிருந்தால், அது ஊசியால் குத்தி, பின்னால் பசை தடவிய டஃப்டட் வகை. இயந்திரத்தில் நெய்த சிலவற்றில் பின்பக்கம் பூ மங்கலாகத்தான் தெரியும். அப்போது ஓர் ஓரத்தைப் பிரித்து, பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். டஃப்டட் என்றால் ஃபோம் விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஆனால் அதற்கு வேறொரு ஆபத்து உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் சில வருஷங்களில் அந்தப் பசை காய்ந்து பொடியாக உதிரும். தரையில் வெள்ளையாகத் தூள் விழுகிறதென்றால் குற்றம் அண்டர்லேயுடையது அல்ல.

பேரன், குருசுக்குப்பம்
கேள்வி: தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர். அல்ஜீரியாவிலிருந்து வரும்போது ஒரு கம்பளிக் கம்பளம் கொண்டுவந்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது சுருட்டி பரண்மேல் கிடக்கிறது. விரிக்கலாமா, அப்படியே வைத்திருப்பது நல்லதா?

பதில்: விரியுங்கள் தம்பி. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டுத் திரும்பிய சொல்தா குடும்பங்களின் வீடுகளில் இப்படிப்பட்ட பொருள்கள் இன்னும் இருக்கின்றன; அவற்றில் பல, பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்தே பாழானவை. அல்ஜீரியாவில் பெண்கள் வீட்டுக்குள் நிறுத்திய தறியில் ஆட்டு ரோமத்தில் நெய்த விரிப்புகள் மிதிபடவென்றே செய்யப்பட்டவை. மிதி அவற்றுக்குப் பகையே அல்ல. இருட்டும் அசைவின்மையும்தான் பகை. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு வெளிச்சம் படாத, யாரும் தொடாத இடத்தில்தான் முட்டையிலிருந்து வெளிவந்து ரோமத்தைத் தின்கிறது. பரண்மேல் சுருட்டிய கம்பளம் அதற்கு ஊட்டுப்புரை.

முதலில் மாடியில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் விரித்து, பின்பக்கம் மேலாக வைத்து மெதுவாகத் தட்டுங்கள். பின்பக்கத்துக்கு இளவெயில் காட்டலாம். பூப்பக்கத்தை உச்சி வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளுக்கும். மணலைப் போன்ற சிறு குருணையோ பட்டுபோன்ற சிறு கூடோ கண்ணில் பட்டால், ஒன்றுவிடாமல் வாக்குவம் கிளீனரால் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

அடியில் என்ன? வெளிநாட்டில் கேட்டால் கம்பளி ஃபெல்ட் என்பார்கள். பாண்டியில் நான் அதைச் சொல்ல மாட்டேன். மேலே இருப்பதும் ரோமம், கீழே இருப்பதும் ரோமம் என்றால் பூச்சிக்கு இரண்டு பந்தி. பாலியெஸ்டர் இழையை ஊசியால் குத்தி அடர்த்தியாக்கிய ஃபெல்ட் வாங்குங்கள். பூச்சி தின்னாது, கறையான் தொடாது, ஈரம் பட்டாலும் காய்ந்துவிடும். கம்பளத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் சிறியதாக வெட்டுங்கள். அப்போதுதான் விளிம்பு தரையோடு இறங்கிப் படியும், குஞ்சமும் அண்டர்லேமேல் ஏறாது. குஞ்சம் என்பது அலங்காரத்துக்காகத் தைத்ததல்ல, கம்பளத்தின் பாவு நூலே வெளியே நீண்டிருப்பது. அது அறுந்தால் கம்பளம் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும்.

வாரம் ஒருமுறை ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். தாத்தாவைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் அதன்மேல் உட்கார வைத்து அவர் கதையைக் கேளுங்கள்.

கட்சித் தொண்டர், உருளையன்பேட்டை
கேள்வி: எங்களிடம் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் நிறைய இருக்கிறது. கார்பெட்டுக்கு அடியில் போட்டால் வேஸ்ட் ஆகாதே?

பதில்: பேனர் வேஸ்ட் ஆகாது. கார்பெட் ஆகும். ஃப்ளெக்ஸ் மூச்சு விடாது. அடியில் ஈரத்தைப் பூட்டி வைக்கும், வெயில் காலத்தில் டைல்ஸோடு ஒட்டிக்கொள்ளும், மேலே கம்பளத்தை வழுக்கவும் விடும். மாட்டுக் கொட்டகைக்கோ விறகு மூடவோ கொடுங்கள்.

விருந்தினர் இல்லம் நடத்துபவர், வெள்ளை நகரம்
கேள்வி: பிரெஞ்சுக்காலத்து வீட்டின் தரைத்தளம். சிவப்பு ஆக்சைடு தரை. கம்பளத்தைத் தூக்கினால் பூசண வாடை. அடியில் பாலித்தீன் தாள் விரித்து அதற்குமேல் அண்டர்லே போட்டால் ஈரம் மேலே வராது அல்லவா?

பதில்: கம்பளத்துக்கு வராது. ஆனால் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்த வீடுகளில் அடியிலிருந்து ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. கடல் பக்கத்தில் இருக்கிறது, நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. தரை இரவு பகலாக ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டின் தாழ்வாரமும் முற்றமும் உயரமான சன்னல்களும் அந்த ஈரத்தைக் காற்றோடு அனுப்பத்தான் இருக்கின்றன. அறை முழுக்கப் பாலித்தீன் விரித்தால் ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரில் ஏறும். ஒரு மழைக்காலம் போனதும் சுவரின் அடியில் உப்பு பூத்து, சுண்ணாம்புப் பூச்சு உரியத் தொடங்கும். கம்பளத்தைக் காப்பாற்றப் போய் நூறு வயதுச் சுவரைக் கெடுத்தவர்கள் ஆவீர்கள்.

கடைக்குப் போகும் முன்பு தரையைச் சோதியுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிபோன்ற பாலித்தீன் துண்டை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அகலமான டேப்பால் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். சாயங்காலம் ஒட்டி மறுநாள் மதியம் எடுத்தால் கணக்குச் சரியாக வரும். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, அடியிலுள்ள தரை மட்டும் கருத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. சுவரோரம் ஒன்று, அறையின் நடுவில் ஒன்று, மழை மாதத்தில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை என்று செய்து பாருங்கள். இது கட்டடப் பொறியாளர்கள் கான்கிரீட் தரைக்குச் செய்யும் சோதனைதான்; செலவு ஒரு டேப்.

ஓதம் இருந்தால் எந்த அண்டர்லேயும் உங்களைக் காப்பாற்றாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். அந்த அறைக்கு எளிதில் சுருட்டக்கூடிய, பருத்தியில் நெய்த தட்டை விரிப்பு போதும். காலையில் அறையைப் பெருக்கும்போது எடுத்து வெளியே போட்டு, விருந்தினர் வருமுன் விரித்துவிடலாம். முடிச்சுக் கம்பளத்தை மாடிக்கு ஏற்றுங்கள். மரக் கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளத்துக்கு மண்ணின் ஈரம் எட்டாது; கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். அங்கே ஃபெல்ட் தாராளமாகப் போடலாம்.

இன்னொன்று. சிவப்பு ஆக்சைடு தரைக்கு மெழுகு பாலிஷ் போடுகிறீர்கள் என்றால், வழுக்காமல் இருக்க விற்கும் பிவிசி வலையை அதன்மேல் நேரடியாக வைக்காதீர்கள். பிவிசியை வளையச் செய்யும் எண்ணெய் கசிந்து பாலிஷோடு கலந்து, கட்டம் கட்டமாகத் தழும்பு விழும். தேய்த்தாலும் போகாது.

புதுமணத் தம்பதி, ரெயின்போ நகர்
கேள்வி: அறை முழுக்கச் சுவரிலிருந்து சுவர்வரை கார்பெட்?

பதில்: இந்த ஊரில் வேண்டாம். தூக்க முடியாத கம்பளத்தின் அடியை யாரும் பார்ப்பதில்லை. மழை மாதங்களில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். பூசணத்துக்கு அதுவே போதும். உங்கள் பேட்டையில் தண்ணீர் ஏறுவது வேறு ஊரறிந்த விஷயம்.

தென்னந்தோப்பு உரிமையாளர், பாகூர்
கேள்வி: தென்னை நாரும் சணலும் இயற்கையானவை. எதற்கு பாலியெஸ்டர்?

பதில்: உங்கள் மனம் புரிகிறது. எனக்கும் நார்ப்பொருள்மேல்தான் ஆசை. ஆனால் தரைத்தளத்தில் நாரையும் சணலையும் போடுவது கறையானுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. சணலில் இன்னொரு சிக்கல் உண்டு. அது நனைந்து காயும்போது அதன் பழுப்பு நீரோடு மேலேறி, வெளிர்நிறக் கம்பளத்தின் நுனியில் கறையாக நின்றுவிடும். டீ கொட்டியதாக நினைத்துப் பிள்ளைகளைத் திட்டுவோம்.

மாடியில், உலர்ந்த அறையில், ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னைநார்த் தகடு நன்றாகவே வேலை செய்யும். மெத்தைக்கு வருவது வேண்டாம், அது தடிமன். மெல்லிய, இறுக்கமான தகடு கேளுங்கள். நார் நுனி கையில் குத்தினால் கம்பளத்தின் முதுகிலும் குத்தும், அதற்கு நடுவே ஒரு பழைய பருத்திப் போர்வை விரித்துவிடுங்கள். சுத்த ரப்பர் தகடு வாங்குவோருக்கு ஒரு சொல்: நம் வெப்பத்தில் ரப்பர் சீக்கிரம் மூப்படையும். சன்னலோரம் வெயில் படும் இடத்தில் அது முதலில் இறுகி, பிறகு வெடித்து, கடைசியில் மாவாகும்.

ஓய்வுபெற்ற நெசவாளர், வில்லியனூர்
கேள்வி: எல்லோரும் கார்பெட் கார்பெட் என்கிறீர்கள். நம் ஜமக்காளம் நெய்த விரிப்பு இல்லையா? அதற்கு அடியில் என்ன?

பதில்: ஐயா, அதைக் கேட்டதற்கு நன்றி. பவானி ஜமக்காளத்தை விட்டுவிட்டுத் தமிழில் விரிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத்துணி சந்தையை நிறைத்தபோது, பவானியில் ஜங்கமர் என்னும் நெசவாளர்கள் தடித்த சாய நூலில் பட்டைபோட்டு நெய்யத் தொடங்கியது அது. 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு விசைத்தறிப் போலியைச் சந்தையிலிருந்து விரட்டவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜமக்காளத்தில் மயிர் இல்லை. பாவும் ஊடையும் மட்டும். அதனால் அதற்கு மெத்தை வேண்டாம், பிடிப்பு வேண்டும். கல்யாண மண்டபத்தில் மொசைக் தரைமேல் வெறுமனே விரித்தால் குழந்தைகள் ஓடும்போது சுருண்டு காலைத் தட்டிவிடும். நம் பெரியவர்கள் கோரைப்பாயை விரித்து அதன்மேல் ஜமக்காளம் விரித்தார்கள். கோரைக்கும் பருத்திக்கும் உராய்வு உண்டு, பாயின் இடுக்கில் காற்றும் உண்டு. மூன்று நான்கு மணி நேரம் கச்சேரி கேட்க உட்காருபவருக்கு இன்றும் இதைவிட நல்ல இணை எனக்குத் தெரியாது. வீட்டில் நிரந்தரமாக விரிப்பதென்றால் 3 மில்லிமீட்டர் ஃபெல்ட், அடிப்பக்கம் மெல்லிய ரப்பர் பூச்சோடு. அதற்குமேல் கனம் போனால் ஜமக்காளம் நெளியும்.

மகள், முத்தியால்பேட்டை
கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. விட்ரிஃபைடு டைல்ஸில் வழுக்கிவிடுமோ என்று பயந்து அறை முழுக்கக் கம்பளம் போட்டேன். இப்போது கம்பளமே நகர்கிறது. என்ன செய்ய?

பதில்: இதை இன்றைக்கே கவனியுங்கள். வழவழப்பான டைல்ஸ்மேல் பிடிப்பில்லாமல் கிடக்கும் கம்பளம் வெறும் டைல்ஸைவிட ஆபத்தானது.

கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் உள்ள விரிப்பை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் நடக்கும் வழி அது. அங்கே விரிப்பு இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கழிப்பறை வாசலில் கால்மிதிகூட வேண்டாம், அல்லது அடியில் முழுக்க ரப்பர் உள்ளதாக இருக்கட்டும்.

அம்மா உட்காரும் நாற்காலியின் முன் கம்பளம் வேண்டும் என்றால், மேற்பக்கம் ஃபெல்ட், அடிப்பக்கம் ரப்பர் என இரண்டும் சேர்ந்த அண்டர்லே வாங்குங்கள். போடும் முன்பு டைல்ஸைச் சோப்பு மிச்சமில்லாமல் துடைத்துக் காய விடுங்கள்; தூசி படிந்தால் ரப்பருக்குப் பிடிப்பே இருக்காது. மாதம் ஒருமுறை அந்த ரப்பர் பக்கத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். கம்பளமும் அண்டர்லேயும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் விளிம்பில் கால் தட்டும். கைத்தடி அல்லது வாக்கர் வைத்து நடப்பவர் என்றால் அதையும்விடக் குறைவாக இருக்க வேண்டும். மெத்தென்ற ஃபோம்மேல் நிற்கும்போது வயதானவர்களின் கணுக்கால் ஆடும், தடுமாறும். அவர்களுக்குக் கெட்டியான தரைதான் துணை. கம்பளத்தின் நாலு மூலையும் சுருளாமல் படுத்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை.

பள்ளிவாசல் நிர்வாகக் குழு உறுப்பினர், கோட்டக்குப்பம்
கேள்வி: பள்ளிவாசலுக்குப் புதிய தொழுகை விரிப்பு வாங்குகிறோம். முதியவர்கள் மூட்டுவலிக்காக அடியில் தடித்த ஃபோம் கேட்கிறார்கள்.

பதில்: முதியவர்களின் முழங்காலுக்கு இரக்கம் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த விரிப்பில் ஆண்டாண்டுக்கும் ஒரே இடத்தில் கால், ஒரே இடத்தில் முழங்கால், ஒரே இடத்தில் நெற்றி படும். ஃபோம் என்றால் வரிசை வரிசையாகப் பள்ளம் விழுந்துவிடும், சஜ்தாவில் நெற்றியும் உறுதியாகப் பதியாது; இதை உங்கள் இமாமிடமும் கேளுங்கள். 8 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில், அடர்த்தியான ஃபெல்ட் இரண்டு தேவையையும் தீர்க்கும். முழங்கால் மிகவும் வலிப்பவர்களுக்கு நாற்காலி வரிசை இருக்கவே இருக்கிறது.

அதைவிட முக்கியம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும் இடம். ஈரக்காலோடு நேராக விரிப்பில் ஏறினால், வாசலோரத்து முதல் வரிசை அண்டர்லே எப்போதுமே காயாது. நடுவில் நாலு அடியாவது வெறும் தரையும், தண்ணீரை உறிஞ்சும் மிதியடியும் இருக்கட்டும். விரிப்பையும் அண்டர்லேயையும் ஒரே நீளமாக வாங்காமல், இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாக வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

கணக்காளர், தட்டாஞ்சாவடி
கேள்வி: கடையில் எல்லா ஃபெல்ட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. "செம குவாலிட்டி சார்" என்பதைத் தவிர வேறு தகவல் கிடைக்கவில்லை. ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்: உங்கள் தொழிலிலேயே வழி இருக்கிறது: எடை போடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் மாதிரித் துண்டு கேளுங்கள். நேரு வீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசிலோ, வீட்டில் கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசிலோ வையுங்கள். வந்த கிராமை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. நெய்த கம்பளத்துக்கு அந்தத் துண்டு 12 முதல் 14 கிராம் வரை வர வேண்டும். 6, 7 கிராம்தான் வருகிறது என்றால் அது பஞ்சு. ஆறே மாதத்தில் அப்பளமாகத் தட்டிப்போகும். கனத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் காற்றுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

துண்டை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள், பிரிந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய்போன்ற வாடை அடித்தால், மூடிய ஏசி அறையில் அந்த வாடையோடுதான் தூங்குவீர்கள்.

மருத்துவர், கிருஷ்ணா நகர்
கேள்வி: ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கம்பளத்தைக் காய வைத்தும் நாற்றம் போகவில்லை. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: 2024 நவம்பர் 30 இரவை இந்த ஊர் மறக்காது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையில் உங்கள் நகரில் படகு விட்டார்கள். அந்தத் தண்ணீர் வெறும் மழைநீர் அல்ல; சாக்கடையும் கலந்தது. மருத்துவரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, கம்பளத்தையும் அண்டர்லேயையும் பிரிப்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். இரண்டையும் சேர்த்தே வெயிலில் போடுவார்கள். மேலே காய்ந்திருக்கும், நடுவே இரண்டு நாளில் பூசணம் பிடித்திருக்கும். சாக்கடைத் தண்ணீர் குடித்த அண்டர்லே எதுவானாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், எறிந்துவிடுங்கள். ஃபோம் உள்ளே வாங்கியதை வெளியே விடாது. உங்கள் நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கம்பளி, பருத்திக் கம்பளங்களைக் காப்பாற்றலாம். நல்ல தண்ணீரால் இரு பக்கமும் அலசி, மிதமான சோப்பில் கழுவி, மறுபடி அலசுங்கள். முறுக்காதீர்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரே மடிப்பாகத் தொங்கவிடவும் கூடாது. தண்ணீர் குடித்த கம்பளத்தின் கனம் அதன் பாவையே அறுத்துவிடும். நாலைந்து நாற்காலிகளையோ ஒரு கயிற்றுக் கட்டிலையோ போட்டு அதன்மேல் பரப்பி, அடியில் மின்விசிறி வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு நாளைத் தாண்டினால் பூசணம் முந்திக்கொள்ளும். டஃப்டட் கம்பளத்தின் பசை அந்தக் குளியலைத் தாங்காது.

அடுத்த முறைக்கு: வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஐப்பசி பிறந்ததுமே, தரைத்தளத்துக் கம்பளங்களைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுங்கள். தை வரை தரை வெறுமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

பிரெஞ்சு வகுப்பு மாணவர், வைசியாள் வீதி
கேள்வி: பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்தில் இங்கே கம்பளம் விரித்தார்களா? இந்தியாவில் கம்பளம் என்றால் காஷ்மீரும் பதோஹியும்தானா?

பதில்: காஷ்மீரும் பதோஹியும் இன்று பெரிய பெயர்கள், ஆனால் சோழமண்டலக் கரைக்கும் கம்பளத்தில் பழைய பங்கு உண்டு. இன்றைய ஆந்திரத்தின் ஏலூரில் முடிச்சுக் கம்பளம் நெய்தார்கள். 1851ல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிவரை அவை போயின. அதற்கு அருகிலுள்ள துறைமுகம் மசூலிப்பட்டினம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வருவதற்கு முன்பே, 1669லேயே அங்கே வணிகக் கிடங்கு வைத்தவர்கள். நம் பக்கத்தில் வாலாஜாபேட்டையிலும் தஞ்சைக்கருகே அய்யம்பேட்டையிலும் கம்பளத் தறிகள் ஓடின. பள்ளிப் பாடத்தில் இந்த ஊர்களைச் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736ல் தொடங்குகிறது. துய்ப்ளே காலத்து வீட்டுப் பொருள்களையும் பரிசுப் பொருள்களையும் தேட விரும்பினால் அங்கே தொடங்குங்கள். பிரெஞ்சும் தமிழும் தெரிந்த மாணவருக்கு அதைவிட நல்ல விடுமுறை வேலை கிடையாது.

சுற்றுலா வழிகாட்டி, பொம்மையார்பாளையம்
கேள்வி: ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளறையில் வெள்ளைக் கம்பளம். இத்தனை பேர் வந்தும் எப்படி வெள்ளையாகவே இருக்கிறது?

பதில்: உள்ளே போகிறவர்களுக்கு வெள்ளைக் காலுறை கொடுக்கிறார்களே, அதில் பாதி ரகசியம் இருக்கிறது. செருப்பு வெளியே, மணல் வெளியே, பாதத்தின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் காலுறையில். வீட்டில் கம்பளம் வைத்திருப்பவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதோடு நிறுத்தாமல், காலைத் துடைத்துவிட்டு ஏறினாலே அண்டர்லேக்கும் கம்பளத்துக்கும் ஆயுள் கூடும்.

வாடகைக்குக் குடியிருப்பவர், டுமாஸ் வீதி
கேள்வி: அண்டர்லே போட்ட பிறகு கதவு திறக்கவில்லை.

பதில்: கதவை அறுக்காதீர்கள்; அது உங்கள் வீட்டுக்காரருடைய பழைய தேக்கு. கதவு சுழலும் வட்டத்துக்கு வெளியே கம்பளத்தை நகர்த்துங்கள். இனி வாங்குவோர் முதலில் கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கம்பளத்தின் கனத்தைக் கழித்து, மீதியில் அண்டர்லே தேடுங்கள்.

இல்லத்தரசி, அரியாங்குப்பம்
கேள்வி: அண்டர்லேயை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: வருஷக் கணக்கு வேண்டாம், கண்ணால் பாருங்கள். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வீர்கள் அல்லவா, அப்போது கம்பளத்தை முழுவதும் எடுத்துவிட்டு அண்டர்லேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். நடைவழியில் மட்டும் மெலிந்து வெளிச்சம் ஊடுருவினால் இடவலமாகத் திருப்பிப் போடலாம். இன்னும் சில காலம் ஓடும். தரையில் பொடி உதிர்ந்திருந்தாலோ, கையால் அழுத்திய இடம் எழும்பாவிட்டாலோ, வெயிலில் போட்டும் வாடை போகாவிட்டாலோ மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பழையதைப் போகித் தீயில் போடாதீர்கள். ரப்பரும் ஃபோமும் எரிந்து வரும் புகை கைக்குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் நஞ்சு. மடித்துக் கட்டி, குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுங்கள்.